கடல் நடுவே கை மாறிய சுக்கான்

“உனக்கென்ன கிறுக்கா சாமி? கிணத்துல எட்டிப் பார்க்கவே பயப்படறவ, கடல்ல பத்து நாள் போறேங்கறே!”

உடுமலைப்பேட்டையிலிருந்து அக்கா போனில் போட்ட சத்தம் இது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் கடலை முதன்முதலாகப் பார்த்ததே பன்னிரண்டாவது வயதில், பள்ளிச் சுற்றுலாவாக ராமேஸ்வரம் போனபோதுதான். கூட வந்த பெண்கள் எல்லாம் தண்ணீரில் கும்மாளம் போட, நான் கரையில் உட்கார்ந்து அத்தனை பேர் செருப்புக்கும் காவல் இருந்தேன். அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கைப்பட்டது ஒரு கடலூர்க்காரருக்கு. வந்து குடியேறியதோ நார்வே நாட்டின் தென்கோடியில், கிறிஸ்தியான்சாந் என்னும் துறைமுக நகரத்தில்! தலையெழுத்து கடல் தண்ணீரால் எழுதப்பட்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

நம்மூரில் வாசலுக்கு வாசல் ஸ்கூட்டர் நிற்பது போல இந்தப் பக்கத்துக் கரை ஓரங்களில் படகு நிற்கும். ஆறு வருடங்களுக்கு முன் இவரும் ஒன்றை வாங்கினார், பழசுதான். ‘ஸ்னெக்கெ’ என்று இங்கே சொல்லுகிற வகை. 24 அடி நீளம். முன்னும் பின்னும் கூராக, பலாக்கொட்டையை நெடுக்கில் பிளந்து வைத்தாற்போல் இருக்கும். உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க ஒரு சின்ன அறை, ஒற்றை அடுப்பு, 20 குதிரைசக்தி டீசல் என்ஜின். அதிகபட்ச வேகம் மணிக்கு 6 நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1852 மீட்டர். ஆக மொத்தம் நம்மூர்ப் பால்காரர் சைக்கிளில் போகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1980-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 8 மீட்டருக்கு மேல் நீளமான படகையோ, 25 குதிரைசக்திக்கு மேல் என்ஜின் உள்ள படகையோ ஓட்டுவதென்றால் இங்கே ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். எங்கள் படகும் அவ்வளவு பெரிதில்லை, நாங்களும் அவ்வளவு சின்னவர்கள் இல்லை. அதனால் சட்டம் என்னைப் பார்த்து, “உனக்கு ஓட்டத் தெரியுமா?” என்று கேட்கவில்லை. கேட்டவள் என் பெண்.

ஆஸ்லோவில் படிக்கிறாள். 2023 ஜூலையில் நாங்கள் இருவரும் கிறிஸ்தியான்சாந்திலிருந்து கிழக்கே ரீசர் வரை ஒவ்வொரு துறைமுகமாகத் தங்கிப் போய்த் திரும்பப் போகிறோம் என்றதும், அவள் முதலில் கேட்டது இதைத்தான்: “அப்பா ஏழு வருஷமா இன்சுலின் போட்டுக்கறார். நடுவுல அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா படகைக் கரைக்கு யாரும்மா கொண்டு வருவா? நீ ஓட்டக் கத்துக்கிட்டாத்தான் ரெண்டு பேரும் போகலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக அந்தப் படகில் நான் பிளாஸ்க்கும் டப்பாவுமாகப் போய் வந்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் சுக்கானைத் தொட்டதில்லை.

ஜூன் மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடந்தது. என்ஜினுக்கு ஒரே ஒரு கைப்பிடிதான். முன்னே தள்ளினால் முன்னே, பின்னே இழுத்தால் பின்னே, நடுவில் விட்டால் சும்மா. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் படகுக்குப் பிரேக் கிடையாது! அது மட்டுமா? காரைத் திருப்பினால் மூக்கு திரும்பும். படகைத் திருப்பினால் வால்புறம் எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டு போகும். துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம். பாறைகளின் மேல் நட்டிருக்கும் இரும்புக் கம்பங்களில் ஒரு சிறு கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை காட்டுகிற பக்கம் போனால் ஆழம், மறுபக்கம் போனால் பாறை. நம்மூர் முச்சந்திக் கைகாட்டி மாதிரியே! இந்த ஒன்றை நான் உடனே பிடித்துக்கொண்டு விட்டேன்.

நாலாவது ஞாயிறு, படகை மேடையில் கொண்டு வந்து நிறுத்துகிற பாடம். அங்கேதான் வந்தது வினை. “ரிவர்ஸ்... ரிவர்ஸ் போடு... ரிவர்ஸ்னா ரிவர்ஸ்!” என்று இவர் போட்ட சத்தத்தில் அடுத்த மேடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் புரியாவிட்டால் என்ன, திட்டு புரியாதா? நான் என்ஜினை அணைத்துவிட்டு, “நீங்களே ஓட்டுங்க மகராசரா” என்று உட்கார்ந்துவிட்டேன். கட்டின கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட சகோதரிகளுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, நிறுத்துவதைத் தவிர மற்றதெல்லாம் கற்றுக்கொண்ட மாணவியாக நான் புறப்பட்டேன்.

சாப்பாட்டு ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒற்றை அடுப்பில், ஆடுகிற படகில் தாளிப்பெல்லாம் நடக்கிற காரியமில்லை. எண்ணெய்ச் சட்டியை ஏற்றவே கூடாது என்பது என் சட்டம். அதனால் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, கெட்டி அவல், இஞ்சி மொரப்பா எல்லாம் வீட்டிலேயே தயார். ரவை உப்புமாவுக்குத் தாளிப்பையும் சேர்த்தே வறுத்து டப்பாவில் அடைத்துக்கொண்டேன். கொதிநீர் ஊற்றிக் கிளறினால் தீர்ந்தது வேலை. தங்கும் துறைமுகங்களில் குளியலறை உண்டு, பெரும்பாலானவற்றில் துணி துவைக்கும் இயந்திரமும் உண்டு. துவைக்கிற கவலை இல்லை என்றதும்தான் எனக்குப் பாதி தெம்பு வந்தது!

உயிர்காப்பு அங்கி பற்றியும் ஒரு வார்த்தை. 8 மீட்டருக்குக் குறைவான படகு ஓடும்போது திறந்த தளத்தில் இருப்பவர்கள் அதைப் போட்டிருக்கவேண்டும் என்று 2015 முதல் இங்கே சட்டம். “நீச்சல் தெரியுமே” என்று சிலர் நினைப்பார்கள். கோடையிலேயே தண்ணீர் 18 டிகிரிதான். விழுந்த மாத்திரத்தில் அந்தக் குளிர் மூச்சை வாரி இழுக்கச் செய்யும். வாய்க்குள் தண்ணீர் போவது அப்போதுதான். நீச்சல் தெரிவதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டிய விஷயம்.

முதல் நாள் ‘பிளிண்ட்லைய’ என்ற நீர்வழி. ஆகா! வெளிக்கடலுக்கும் எங்களுக்கும் நடுவே தீவுகள் மதில் மாதிரி நிற்க, உள்ளே வாய்க்கால் போல ஒரு பாதை சுமார் 12 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் வழுவழுவென்ற பாறை, அதன்மேல் வெள்ளை மர வீடுகள், வாசல்படியே தண்ணீரில்தான் இறங்குகிறது. சில இடங்களில் கை நீட்டினால் பாறையைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு குறுகல். அலை என்ற பேச்சே இல்லை. பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன். இவர் முன்பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, “என்னம்மா, கேப்டன்!” என்று கிண்டல் செய்துகொண்டு வந்தார். மாலை லில்லசாந் ஊரில் தங்கல். படகை நிறுத்தியது அவர்தான். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். தளத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பக்கத்துப் படகில் அவித்த இறாலைத் தோல் உரித்து ரொட்டியில் அடுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிட்டிகை மிளகுகூட இல்லாமல் எப்படித்தான் இறங்குகிறதோ!

மறுநாள் கிரிம்ஸ்தாத். இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஆனால் இந்தத் துண்டில் தீவு மதில் கிடையாது. திறந்த கடல், ஸ்காகெராக். அதற்கு அக்கரை டென்மார்க். காலையில் காற்று வினாடிக்கு 6 மீட்டர், தெற்கிலிருந்து என்று வானிலை சொன்னது. போகக்கூடிய காற்றுதான். நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டேன். இவரிடம் நீட்டினேன். “கடலூர்க்காரனுக்கா மாத்திரை?” என்றார். இன்சுலின் போட்டுக்கொண்டு, உப்புமாவை ஒரு கை பார்த்துவிட்டுச் சுக்கானில் உட்கார்ந்தார்.

காற்று பக்கவாட்டில் அடித்ததால் படகு தொட்டில் மாதிரி ஆடியது. முக்கால் மணி போயிருக்கும். நான் உள்ளே போய்ப் பாத்திரங்கள் உருளாமல் துணி அடைத்துவிட்டு வந்தேன். அந்த இடைவெளியில் இவர் பின்பக்கம் குனிந்து காலையில் சாப்பிட்டதை முழுக்கக் கடலுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. கடலூர்க் கௌரவம்!

இங்கேதான் விபரீதம். போட்ட இன்சுலின் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதற்குக் கணக்காகச் சாப்பிட்ட சோறோ வயிற்றில் இல்லை. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

ஹோம்போர்சுந் கலங்கரை விளக்கம் தெரிய ஆரம்பித்தது. “ஏனுங்க, அந்தக் கம்பத்துக்கு எந்தப் பக்கம் போகோணும்?” என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். “தொணதொணக்காதே!” என்று சீறினார். எரிந்து விழுகிற மனிதர் இல்லை இவர். (படகு நிறுத்தும் பாடம் தவிர!) திரும்பி முகத்தைப் பார்த்தேன். குளிர்காற்றில் நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை. சுக்கானைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. கண் எங்கோ பார்த்தது.

ஏழு வருடமாகப் பார்த்த முகம். எனக்குப் புரிந்துவிட்டது.

“நகருங்க” என்றேன். நகரவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளித்தான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். எனக்கு முன்னால் இரண்டு வேலை. இவருக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும், படகு பாறையில் மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதப் பாடத்தில் இவர் சொன்னது ஒன்று நினைவுக்கு வந்தது: “தடுமாற்றம் வந்தால் கரையைத் தேடி ஓடாதே. ஆபத்து எல்லாம் கரையோரம்தான். வெளியே ஆழத்துக்குப் போ, மூக்கை அலைக்கு நேராக வை, வேகத்தைக் குறை.” பயந்தவளுக்குக் கரையை விட்டு விலகு என்பது எவ்வளவு கொடுமையான உபதேசம்! ஆனாலும் சுக்கானைத் தெற்கே திருப்பினேன். எதிரே டென்மார்க் வரை வெறும் தண்ணீர். கைப்பிடியைக் குறைத்தேன். பக்கவாட்டு ஆட்டம் நின்று படகு மேலும் கீழுமாக நிதானமாக ஏறி இறங்கியது.

அடுத்தது சர்க்கரை. குளுகோஸ் மாத்திரையை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? உள்ளே படுக்கைக்கு அடியில், துணிப்பைக்குள், பத்திரமாக! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நல்லவேளை, கைக்கெட்டும் இடத்தில் ஆப்பிள் சாறு இருந்தது. ஒரே மூச்சில் குடித்தால் மறுபடி வாந்தி வருமே என்று அரைத் தம்ளர் சாற்றை மடக்கு மடக்காக வாயில் வைத்தேன். விழுங்கினார். சுயநினைவு இருந்ததால் கொடுத்தேன். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். விரலில் குத்திப் பார்த்தேன்: 2.9. நம்மூர்க் கணக்குக்கு 18-ஆல் பெருக்க வேண்டும். 52! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து எல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். 15 கிராம் இனிப்பு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை. இதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த கணக்கு. அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே... ஒரு கை சுக்கானில், ஒரு கண் இவர்மேல். ரேடியோவை எடுத்து 16-ஆம் வரிசைக்குத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். ஆபத்துக்குக் கூப்பிடும் வரிசை அது. கடலில் ஆபத்தென்றால் போனில் 120. அடுத்த சோதனையில் எண் ஏறாவிட்டால் கூப்பிட்டுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டேன். உடுமலை மாரியம்மனையும் கூப்பிட்டேன். அதற்கு ரேடியோ வேண்டியதில்லையே!

3.6. ஏறியிருக்கிறது, போதாது. மறுபடி அரைத் தம்ளர். மறுபடி பதினைந்து நிமிடம். 5.1. நம் கணக்கில் 92. வியர்வை அடங்கியது. “ஏம்மா, எங்க போயிட்டிருக்கோம்?” என்றார். “டென்மார்க்குக்கு” என்றேன். சிரிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு பிஸ்கட்டும் ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்தேன். சாறு சட்டென்று ஏற்றும். அது மறுபடி இறங்காமல் தாங்கிப் பிடிக்க மாவுப்பண்டம் வேண்டும். (அவசரத்துக்கு சாக்லேட் கொடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோதான் மேல்.) தெம்பு வந்ததும் சுக்கானுக்குக் கை நீட்டினார். நான் தரவில்லை. சர்க்கரை சரியாகி முக்கால் மணி நேரமாவது ஆகாமல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னது படகுக்கும்தானே?

ஆக, கிரிம்ஸ்தாத் துறைமுகத்துக்குள் நுழையப்போவது நிறுத்தத் தெரியாத மாணவி!

ரிவிங்கன் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, சிவப்பும் பச்சையும் பார்த்துப் பார்த்து உள்ளே போனேன். விடுமுறைக் காலம், எங்கும் படகு. கடைசி மேடையில் ஓர் இடம் காலி. இவர் வாயைத் திறக்கப் போனார். “நீங்க பேசினா நான் கையை எடுத்துடுவேன்” என்றேன். மூடிக்கொண்டார். ஆமை மாதிரி ஊர்ந்து, காற்று வருகிற பக்கம் பார்த்து, கைப்பிடியை நடுவில் விட்டு, பிறகு கொஞ்சம் பின்னே... முதல் தடவை கோணலாகப் போய் வெளியே வந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் சரியில்லை. அதற்குள் பக்கத்துப் படகிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மேடையில் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். கயிற்றை வீசினேன். பிடித்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி இழுத்தார். ரப்பர் பந்துகள் மேடையில் உரசி ‘கிறீச்’ என்றன. நின்றுவிட்டோம்!

இங்கே அது வழக்கம். படகு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கயிறு வாங்குவார்கள். யார், எவர் என்று கேட்பதில்லை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “காபி போட்டிருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

இவர் படுத்துத் தூங்க, மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்தேன். மாலையில் அந்த அம்மாளை இவரோடு பேச வைத்துவிட்டு ஊருக்குள் நடந்து போனேன். நாடக ஆசிரியர் இப்சன் பதினைந்து வயதுப் பையனாக 1844-இல் இந்த ஊருக்குத்தான் மருந்துக் கடை எடுபிடி வேலைக்கு வந்தார். 1850 வரை இருந்தார். அந்தக் கடையை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கடலைப் பற்றி அவர் 1862-இல் ‘தெர்யெ வீகன்’ என்று ஒரு கதைப்பாட்டு எழுதினார். நெப்போலியன் யுத்த காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் இந்தக் கரையை முற்றுகையிட்டபோது, பெண்டாட்டியும் கைக்குழந்தையும் பட்டினி கிடக்கிறார்களே என்று ஒருவன் தன்னந்தனியாகச் சிறு படகில் டென்மார்க்குக்குத் துடுப்புப் போட்டுப் போகிறான். பார்லி வாங்கித் திரும்பும்போது வீட்டுக்கு அருகில் பிடிபட்டுவிடுகிறான். ஐந்து வருடம் சிறை. வந்து பார்த்தால் இருவரும் இல்லை. முன்பே கேள்விப்பட்ட கதைதான். ஆனால் அன்று காலை அதே தண்ணீரில் மூக்கைத் தெற்கே வைத்து நின்றுவிட்டு வந்தவளுக்கு அது வேறு கதையாக இருந்தது. அருங்காட்சியகத்துக்குள்கூடப் போகாமல் திரும்பிவிட்டேன்.

“இதோடு திரும்பிடலாமா?” என்று இவர்தான் கேட்டார். இரவு முழுக்க யோசித்தேன். மகளுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, “யாரும்மா நிறுத்தினா?” என்றாள். “நான்தான்.” “அப்பச் சரி, போங்க” என்று வைத்துவிட்டாள்.

போனோம், சில சட்டங்களோடு. குளுகோஸ் மாத்திரையும் சோதனைக் கருவியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுக்கானுக்குப் பக்கத்தில். திறந்த கடலுக்கு முன்னால் ஒரு சோதனை. வாந்தி மாத்திரை இருவருக்கும். அது தூக்கம் வரவழைக்கும், எனவே முதல் தடவை வீட்டில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். இன்சுலின் போட்டபின் வாந்தி வந்தால் கௌரவம் பார்க்காமல் உடனே சொல்வது. ஊர் திரும்பியபின் டாக்டரிடமும் கேட்டோம். சாப்பாடு தங்காத நாளில் இன்சுலினைத் தானாக நிறுத்திவிடவும் கூடாதாம், வழக்கம் போலப் போட்டுவிடவும் கூடாதாம். எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன், படகிலும் சமையலறைச் சுவரிலும்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரந்தால் பெரிய பட்டணம். நடு ஊருக்குள்ளேயே கடல் வந்து நிற்கிறது, படகை விட்டு இறங்கினால் கடைத்தெரு. லிங்கொர் ஒரு தீவுக் கூட்டம். கார் என்பதே கிடையாது, காய்கறிகூடப் படகில்தான் வரவேண்டும். 1812-இல் இங்கே நடந்த கடற்சண்டையில் ‘நயாதென்’ என்ற போர்க்கப்பல் மூழ்கியது என்று இவர் ஒரு மணி நேரம் விளக்கினார். நான் அங்கே துணி உலர்த்தினேன். ரீசர் முழுக்க வெள்ளை வீடுகள். 1861-இல் பெருந்தீயில் ஊர் எரிந்துபோய் மறுபடி கட்டியதாம். அங்கே போகிற வழியில் இறகு கட்டிய தூண்டிலில் கானாங்கெளுத்தி ஐந்து கிடைத்தது. மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவித் துறைமுகத்து அடுப்பில் சுட்டபோது, மிளகு தெரியாத அந்த ஊர் நாலு தடவை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

திரும்பும் வழியில் மறுபடி அதே ஹோம்போர்சுந். தண்ணீர் அன்று கண்ணாடி மாதிரி கிடந்தது. சுக்கானில் நான். இவர் கேட்காமலே விரலை நீட்டிச் சோதித்து, “6.8” என்று அறிவித்தார். லில்லசாந்தில் மேடைக்கு வந்தேன். ஒரே தடவையில் நின்றது. அதுவரை வாயைத் திறக்காதவர் கயிற்றோடு குதித்து, “எத்தனை சுற்று சுற்றணும் கேப்டன்?” என்றார்.

“ரெண்டு” என்றேன்.